விந்தணுவின் வாலில் ஒரு மதகு

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

எங்கள் ஊர் திருப்பாச்சூர். மூங்கிற்காட்டில் பசு ஒன்று பால் சொரிந்த இடத்தில் வாசீசுவரர் வெளிப்பட்டார் என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். இன்றும் எங்கள் தெருவில் பல வீடுகளில் பசு உண்டு. எங்கள் வீட்டிலும் கலப்பினப் பசு ஒன்று உண்டு. அப்பா காக்களூர் தொழிற்பேட்டையில் சுமை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். நான் கல்லூரிக்கு வந்து போகும் செலவு பசுவின் பாலில் நடக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்தப் பசு சினை பிடிக்காமற் போனால் என் படிப்பும் தடுமாறும்.

சென்ற ஆண்டு அப்படித்தான் நேர்ந்தது. இருமுறை சினை ஊசி போட்டும் பசு சினையாகவில்லை. அம்மா கால்நடை மருந்தகத்துக்குப் போய், "ரெண்டு தபா ஊசி போட்டும் நிக்கல சார். மாட்டுக்கு நோவா, இல்ல ஊசி சரியில்லையா, ரெண்டையும் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். மருத்துவர் மாட்டின் கருப்பையைச் சோதித்தார். உறைவிந்துக் குழலில் அச்சிட்டிருந்த காளையின் எண்ணையும் குறித்துக்கொண்டார். இருபுறமும் பார்ப்பதுதான் முறை என்றார்.

அதே வாரத்தில் எங்கள் தெருவில் ஒரு வளைகாப்பு நடந்தது. மணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லாத ஓர் அக்காவை அங்கே வளையல் தொட விடவில்லை. அவர் வாசலோடு திரும்பி வந்துவிட்டார். அந்த அக்கா மருத்துவமனை, கோயில், நாட்டு மருந்து என்று எங்கெங்கோ போனவர். அவர் கணவரை ஒருநாளும் ஒருவரும் சோதிக்கச் சொன்னதில்லை. இந்த முரண்பாடே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஒரு பெண் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். வகுப்பில் படித்துத் தேர்வில் எழுதுகிற பாடத்தைக் கல்லூரி மலரில் எழுதக் கூசுவானேன்?

விந்தணுவின் உடலமைப்பு

1677-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லீவன்ஹுக் தாம் செய்த நுண்ணோக்கியில் விந்தணுக்களைக் கண்டார். விந்தணுவுக்குத் தலை, நடுத்துண்டு, வால் என மூன்று பகுதிகள் உண்டு. தலையில் தந்தையின் மரபணுச் சரக்கும், அதன் மேல் அக்ரோசோம் என்னும் நொதிகள் நிறைந்த தொப்பியும் இருக்கின்றன. நடுத்துண்டில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருளாக அமைந்துள்ளன. வால் அசைந்து அணுவை முன்னே தள்ளுகிறது.

எங்கள் பேராசிரியை கால்நடை மருந்தகத்திலிருந்து உறைவிந்துக் குழல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து செய்முறை வகுப்பில் காட்டினார். 37 பாகை வெந்நீரில் அரை நிமிடம் குழலை வைத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தோம். சில அணுக்கள் நேராக ஓடின. சில ஒரே இடத்தில் சுற்றின. சில அசையவே இல்லை. "எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள்" என்றார் பேராசிரியை. இக்கட்டுரையின் பொருளும் அந்த நடையே.

விந்தணு வெளிவந்தவுடனே கருமுட்டையைத் துளைக்க வல்லதன்று. பெண்ணுடலினுள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பின்னரே அத்தகுதியைப் பெறுகிறது. இவ்வுண்மையை 1951-இல் அமெரிக்காவில் எம்.சி. சாங் என்பவரும், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே கண்டனர். பக்குவப்பட்ட விந்தணுவின் வால் முன்போல் ஒரே சீராக ஆடாமல், சாட்டையைச் சுழற்றி வீசுவது போலப் பெருவீச்சாக அடிக்கிறது என்பதை வெள்ளெலியின் விந்தணுக்களில் யானகிமாச்சி என்னும் ஜப்பானிய அறிஞர் 1969-70-இல் விளக்கினார். இதனை மிகை இயக்கம் என்போம். கருமுட்டையைச் சுற்றியுள்ள தடித்த உறையைத் துளைப்பதற்கு இந்தச் சாட்டையடி இன்றியமையாதது. சீரான நடையைச் சாட்டையடியாக மாற்றுவது எது?

சுண்ணாம்புச் சத்து

கால்சியம் என்றால் நமக்கு எலும்பும் பல்லும் பாலும்தான் நினைவுக்கு வரும். உடலுக்குள் அது செய்தி கொண்டுசெல்லும் தூதனாகவும் விளங்குகிறது. இதைக் காட்டிய முதல் நிகழ்ச்சி சுவையானது. இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கச் செய்துகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் அக்கரைசலைச் செய்தபோது இதயம் விரைவில் ஓய்ந்தது. முன்பு துடித்ததற்குக் காரணம், கரைசலைக் குழாய் நீரில் செய்திருந்ததே என்று 1883-இல் அவர் கண்டுகொண்டார். இலண்டன் குழாய் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்துதான் இதயத்தை ஆட்டுவித்தது. தசை சுருங்குதல், நரம்புச் செய்தி, இரத்தம் உறைதல் ஆகிய அனைத்துக்கும் கால்சியம் அயனி வேண்டும். விந்தணுவும் இதற்கு விலக்கன்று.

இதை எளிதில் விளங்கிக்கொள்ள நம் மாவட்டத்துப் பூண்டி நீர்த்தேக்கத்தை நினைத்துக்கொள்வோம். 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஏரியில் நீர் உயர்ந்து நிற்கிறது. கரைக்கு மறுபுறம் கால்வாய் தாழ்ந்திருக்கிறது. மதகைத் திறந்தால் நீர் தானே பாயும். அதைத் தள்ள வேண்டியதில்லை. விந்தணுவின் நிலையும் இதுவே. அணுவுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மிகுதி. அணுவின் சவ்வே கரை. அச்சவ்வில் புரதத்தால் ஆன நுண்ணிய மதகுகள் உள்ளன. இவற்றையே கால்சியம் வாயில்கள் என்கிறோம். மதகு திறந்தால் கால்சியம் உள்ளே பாய்கிறது, வால் வளையும் விதம் மாறுகிறது, சாட்டையடி தொடங்குகிறது. தலையிலுள்ள அக்ரோசோம் தொப்பி உடைந்து நொதிகள் வெளிப்படுவதற்கும் கால்சியம் வேண்டும்.

மதகு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே வந்த நீர் வடியவும் வேண்டும். விந்தணுவின் வாலில் கால்சியத்தை வெளியே இறைக்கும் புரதம் ஒன்று உண்டு. அந்த இறைப்பான் இல்லாத ஆண் எலிகளும் மலடாயின என்று 2004-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வயலில் நீர் வராவிட்டாலும் பயிர் வாடும். வடியாவிட்டாலும் பயிர் அழுகும் அல்லவா?

மதகைக் கண்டறிந்த வரலாறு

விந்தணுவுக்கே உரிய கால்சியம் வாயில் 2001-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. டேவிட் கிளாப்பம் ஆய்வகத்தில் தேஜியன் ரென் முதலியோர் கண்ட அதற்குக் கேட்ஸ்பர் என்று பெயரிட்டனர். அதன் மரபணுவை நீக்கிய எலிகளை அவர்கள் வளர்த்தனர். ஆண் எலிகளின் விந்தணு எண்ணிக்கை குறையவில்லை, உருவமும் கெடவில்லை. ஆனால் ஒன்றுக்கும் குட்டி பிறக்கவில்லை. கருமுட்டையின் உறையை அகற்றிக் கொடுத்தபோது அதே விந்தணுக்கள் முட்டையோடு இணைந்தன. ஆகவே குறை சரக்கில் இல்லை, உறையைத் துளைக்கும் வலுவில்தான் உள்ளது என்பது தெளிவாயிற்று. அம்மரபணு இல்லாத பெண் எலிகளோ வழக்கம் போலவே குட்டி ஈன்றன.

இவ்வாயில் வாலின் முதன்மைப் பகுதியில் மட்டுமே உள்ளது. வாலின் நீளவாக்கில் நான்கு கோடுகளாக வரிசையிட்டு அது அமைந்திருப்பதை 2014-இல் கண்டனர். நான்கு புரதங்கள் கூடி நடுவே துளையை ஆக்குகின்றன. அவற்றைச் சூழ்ந்து வேறு பல துணைப் புரதங்களும் உள்ளன. இவற்றின் முழு வடிவமும் 2021-இல் மின்னணு நுண்ணோக்கியால் படமாக்கப்பட்டது.

இம்மதகைத் திறப்பது யார்? முதலாவது, காரத்தன்மை. யோனிக்குழாய் அமிலத்தன்மை உடையது. மேலே கருக்குழாய் காரத்தன்மை மிக்கது. விந்தணுவின் உட்புறம் காரமாக மாறும்போது மதகு திறக்கிறது. இரண்டாவது, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். கருமுட்டையைச் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் இதைச் சுரக்கின்றன. மனித விந்தணுவில் இந்த ஹார்மோன் கேட்ஸ்பர் வாயிலைத் திறக்கிறது என்பதை 2011-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவிலும், ஜெர்மனியின் பான் நகரிலும் இருந்த இரு குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன. முட்டைக்கு அருகில் வந்துவிட்டாய் என்று பெண்ணுடல் தரும் செய்தி அது. கருத்தரிப்பு ஒருவரின் வேலை அன்று, இருவரின் கூட்டு வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஹைதராபாத்தில் கிடைத்த பூட்டு

இத்துறையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் 1977-இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவன இயக்குநர் புஷ்ப மித்ர பார்கவாவும் ரெட்டியும் காளையின் விந்துத் திரவத்திலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்து, அது நுண்ணுயிர்களை அழிக்க வல்லது என்று 1979-இல் அறிவித்தனர். அதற்குச் செமினல்பிளாஸ்மின் என்று பெயர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹென்றி லார்டி குழுவினர் வேறொரு புதிரை ஆராய்ந்தனர். விந்தகத்தை ஒட்டிய சேமிப்புக் குழலிலிருந்து நேரே எடுத்த காளை விந்தணு கால்சியத்தை எளிதில் உள்வாங்கிக்கொண்டது. ஆனால் இயல்பாக வெளிப்பட்ட விந்தணு அதை உள்வாங்கவில்லை. இடையில் கலக்கும் விந்துத் திரவத்தில் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று ஊகித்துத் தேடி, ஒரு புரதத்தைக் கண்டனர். கால்சியம் புகுவதைத் தடுப்பதால் அதற்குக் கால்ட்ரின் என்று பெயரிட்டனர். 1985-இல் அதன் அமைப்பு வெளியாயிற்று. ஹைதராபாத்தின் செமினல்பிளாஸ்மினும் விஸ்கான்சினின் கால்ட்ரினும் ஒரே புரதமே என்று சீதாராம், குமாரி, பார்கவா ஆகியோர் 1986-இல் கட்டுரை வெளியிட்டனர். கிருமியைக் கொல்ல வந்ததாக எண்ணிய புரதம், விந்தணுவின் மதகுக்குப் பூட்டாகவும் விளங்கியது. உரிய இடம் வரும் முன்பே கால்சியம் புகுந்தால் விந்தணு வழியிலேயே ஆற்றலைச் செலவிட்டுவிடும். ஆதலால் திறப்பவனைப் போலவே பூட்டி வைப்பவனும் இயற்கைக்குத் தேவைப்படுகிறான்.

இந்த லார்டியின் பெயர் நம் மாட்டுத் தொழுவத்துக்கும் தொடர்புடையது. முட்டையின் மஞ்சட்கருவைக் கலந்து காளை விந்தைக் கெடாமல் வைக்கும் முறையை 1940-ஐ ஒட்டி பிலிப்சும் அவரும் வகுத்தனர். அதன் வழிவந்த கரைசல்கள் இன்றும் உறைவிந்து நிலையங்களில் பயன்படுகின்றன. நம் திருவள்ளூர் மாவட்டத்து அலமாதியிலும் அத்தகைய நிலையம் உள்ளது. ஒரு குழலில் கால் மில்லி லிட்டர் அளவில் 2 கோடி விந்தணுக்களை அடைத்து, மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனில் வைக்கின்றனர். உறைந்து உருகும்போது சவ்வு நலிந்து கால்சியம் உள்ளே கசிகிறது. விந்தணு காலத்துக்கு முன்பே பக்குவப்பட்டு விரைவில் ஓய்கிறது. எனவேதான் சினை ஊசிக்கு நேரம் முக்கியம். காலையில் பசு கத்தினால் மாலையில் போடு, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் போடு என்பது வழக்கம். உருகிய பின் பாதி அணுக்களாவது ஓடினால்தான் அந்தச் சரக்கு வெளியே போகும், ஓடாவிட்டால் கழிக்கப்படும்.

மனிதரில்

மனிதரிலும் இக்குறை காணப்பட்டுள்ளது. நெருங்கிய உறவில் மணம் நிகழ்ந்த இரு ஈரானியக் குடும்பங்களில் கேட்ஸ்பர் மரபணுவின் பழுது ஆண்களை மலடாக்கியதை 2009-இல் வெளியிட்டனர். தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் குறை வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று மணம் முடிக்கும் நம் நாட்டவர் கருத வேண்டிய செய்தி இது. அப்பழுதுடைய பெண்ணுக்கோ கருத்தரிப்பில் தடை இல்லை. தன் மகனுக்கு அதைக் கொடுத்தாலும் தன்னிடம் இருப்பதை அவள் அறிய மாட்டாள்.

வழக்கமான விந்துச் சோதனையில் குறை தெரியாமலே கேட்ஸ்பர் வாயில் வேலை செய்யாத ஆண்களும் உள்ளனர் என்று 2024-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது. இவர்களுக்கு விந்தைக் கருப்பையில் செலுத்தினாலும், கண்ணாடிக் கலத்தில் முட்டையோடு சேர்த்து வைத்தாலும் கருவாவதில்லை. 1992-இல் பெல்ஜியத்தில் வெற்றி கண்ட முறைப்படி, ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தினால் கருவாகிறது. உறையைத் துளைக்க வேண்டிய அவசியம் அங்கே இல்லாததே காரணம்.

இந்த மரபணுப் பழுது அரிதானது. ஆண்பால் குறைகளுக்கு விரைநாளப் புடைப்பு, நோய்த்தொற்று, புகையிலை, மது, மிகுந்த வெப்பம் எனக் காரணங்கள் பல. விந்தகம் உடலை விட 2 முதல் 4 பாகை குளிர்ச்சியாக இருக்க வேண்டியது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் உலை முன் நிற்கும் நம் அண்ணன்மார் இதை அறிந்திருப்பது நல்லது.

மாத்திரை விழுங்கினால் போதுமா?

இதைப் படித்தபின் கால்சியம் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். இரத்தத்தில் கால்சியம் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 9 முதல் 10 மில்லி கிராம் என்ற அளவில் உடலால் கட்டிக் காக்கப்படுகிறது. ஏரியில் நீர் நிறைந்திருக்க, மதகு பழுதென்றால் மேலும் நீர் ஊற்றிப் பயனில்லை. அதுபோல, இரத்த அழுத்தத்துக்குத் தரும் கால்சியம் வாயில் தடுப்பு மருந்துகள் சிலவற்றை உண்ட ஆண்களில் விந்தணுவின் திறன் குறைந்ததாக 1990-களில் சிலர் எழுதினர். அவை சிறு எண்ணிக்கையில் செய்த ஆய்வுகள். அதை நம்பி மருந்தைத் தாமே நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. மருத்துவரிடம் கேட்பதே முறை.

பேருந்து நிலையச் சுவரில் "ஆண்மைக் குறைவு" என்று விளம்பரம் ஒட்டும் மருந்துக்காரர்களையும் நம்பலாகாது. இல்லற உறவில் எக்குறையும் இல்லாத ஆணின் விந்தணுவிலும் பழுது இருக்கலாம். மலட்டுத்தன்மை வேறு, அவர்கள் சொல்லும் ஆண்மைக் குறைவு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஆண்கள் சோதனைக்கு அஞ்சுகின்றனர்.

முடிவுரை

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தைப்பேற்றுத் தடையைச் சந்திக்கிறார் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் கூறியது. இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் உண்டு. ஆயினும் பழி பெண் மேலேயே விழுகிறது. குழந்தை வேண்டாம் என்றாலும் அறுவை அவளுக்கே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவையை நம்பியிருக்க, ஆண் கருத்தடை அறுவை 0.3 விழுக்காடே. கேட்ஸ்பர் மதகைத் தற்காலிகமாக மூடும் மருந்து கிடைத்தால் ஆணுக்கும் கருத்தடை மாத்திரை வரலாம் என்று அறிஞர்கள் முயன்றுவருகின்றனர்.

இப்பாடத்தை ஒருநாள் இரவு அம்மாவுக்குச் சொன்னேன். மதகு என்றதும் அம்மாவுக்குச் சட்டெனப் புரிந்தது. மறுநாள் பால் ஊற்றப் போனபோது அந்த அக்காவின் மாமியாரிடம், "மாட்டுக்கே ரெண்டு பக்கமும் பாக்கறாங்க அக்கா. நம்ம பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஒரு பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு மாதம் பேச்சில்லை. மூன்றாம் மாதம் அந்த அண்ணன் தாமே அரசு மருத்துவமனைக்குச் சென்று சோதனை செய்துகொண்டார். எண்ணிக்கை போதுமானது, முன்னோக்கி ஓடுபவை குறைவு என்று வந்தது. முன்னோக்கி ஓடுபவை 30 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டு அளவு. புகையிலையை விடும்படியும், புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து வரும்படியும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பசு மூன்றாம் ஊசியில் சினை பிடித்துக் கிடாரிக் கன்று ஈன்றது. அதன் சீம்பாலைக் கொடுக்க அம்மா அந்த வீட்டுக்கு என்னையே அனுப்பினார். அக்கா கதவைத் திறந்து, "உள்ள வா பாப்பா, உக்காரு" என்றார். அந்த அண்ணன் எழுந்து தாமே பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். "பழி ரெண்டு பேருக்கும் இல்லன்னு ஆயிடுச்சு, அதுவே போதும்" என்றார் அக்கா.